மேல் அடுக்குச் சிப்பிகள்

காயலில் பொறுக்கிய சிப்பிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லாவினியா பள்ளத்தின் விளிம்பில் வந்து உட்கார்ந்தாள். தேவாலயத்துக்குப் பின்னால் கொஞ்ச நாளாகப் பழங்காலத்துப் பொருள் தேடித் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அதையெல்லாம் வேடிக்கை பார்க்கிற ஆள் இல்லை அவள். ஆனால் வீட்டுக்குப் போனால் தம்பி பெண்டாட்டி ஹெய்லாலா பாயும் கிழங்கும் சீராக எடுத்துவந்து காத்திருப்பாள். எதற்கென்று ஊருக்கே தெரியும். தம்பி சோனா குடும்பத்தோடு நியூசிலாந்துக்குக் குடிபோகிறான். போகிறவன் போகட்டும். ஆனால் லோசேயையும் அல்லவா கேட்கிறான்!

லோசே சோனா பெற்ற பெண்பிள்ளைதான். பிறந்த கையோடு துணியில் சுற்றிக் கொண்டுவந்து லாவினியாவின் மடியில் போட்டுவிட்டார்கள். பிள்ளையில்லாத அக்காவுக்குத் தம்பி பிள்ளை கொடுப்பது டோங்காவில் ஊர் உலக வழக்கம். அத்தை மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. பெற்றவனும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஒரு வார்த்தையை லாவினியா நேற்றிலிருந்து நாக்கு நுனியில் வைத்திருந்தாள். இத்தனை வருஷம் தலைவாரிப் பின்னிவிட்ட கைக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன?

"உள்ள விழுந்துராதீங்கக்கா. அப்புறம் உங்களையும் கழுவி நம்பர் போட வேண்டியிருக்கும்" என்றான் பள்ளத்துக்குள் நின்ற ஐசாயா. பக்கத்து ஊர்ப் பையன், படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன்.

"போடுடா. கெழவி ரகத்துல சேத்துடாத, அவ்வளவுதான்."

அவன் சிரித்து, கைகொடுத்து இறக்கிவிட்டான். பள்ளத்தின் சுவர் முழுக்கச் சிப்பி. அடியில் இருந்தவை ஒவ்வொன்றும் உள்ளங்கை நிறையும். நடுவே புள்ளி புள்ளியாகக் கோலமிட்ட பானை ஓடு ஒன்று. மேலே வர வரச் சிப்பி சிறுத்துக்கொண்டே வந்தது. உச்சியில் கட்டைவிரல் நகம் அளவுதான். லாவினியா தன் கூடையைப் பார்த்தாள். அதே அளவு. நேற்று ராத்திரி லோசே ஒவ்வொன்றாகப் பிளந்து, "அத்தை, இதுல ஒண்ணுமே இல்ல" என்று உதட்டைப் பிதுக்கியது ஞாபகம் வந்தது.

"முதமுதல்ல படகுல வந்து எறங்குனவங்க தின்னதுக்கா அடியில இருக்கிறது. மேற்க இருந்து பானையும் புள்ளகுட்டியுமா வந்திருக்காங்க. சிப்பிய வளர விடாம தின்னுருக்காங்க."

"அப்புறம்?"

"கொஞ்சப் பேரு அடுத்த தீவுக்குப் போனாங்க. அங்கயும் இதே புள்ளி வச்ச பானை கெடைக்குது."

"எல்லாரும் போகலையா?"

"எல்லாரும் போயிருந்தா மேல இந்தச் சின்னச் சிப்பி ஏது? தங்கினவங்க தின்னதுதான் இது."

லாவினியா அந்த மேல் அடுக்கில் கை வைத்தபடி நின்றாள். இதே கரையில் எவளோ ஒருத்தி ஒரு பிள்ளையைப் படகில் ஏற்றிவிட்டு, திரும்பிவந்து இதைத்தான் உடைத்துத் தின்றிருக்கிறாள். அவளுக்கு மட்டும் வயிறு எரிந்திருக்காதா? எரிந்திருக்கும். ஏற்றித்தான் விட்டிருக்கிறாள், பாவி.

வீட்டு வாசலில் ஹெய்லாலா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். சோனா தள்ளி, ஈரப்பலா மரத்தடியில், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான். பெரியவர்களான பிறகு அக்காவும் தம்பியும் ஒரு கூரையின் கீழ் உட்கார்ந்ததில்லை. மரியாதை அப்படி.

"அண்ணி, அவரு..."

"மரத்துக்கிட்ட பேசிக்கிட்டு நிக்கிறானே, பாத்தேன். நீ சொல்லு."

"நீங்க மாட்டேன்னா, நாங்க கேக்கவே இல்லன்னு நெனச்சுக்கிடுங்க."

நாக்கு நுனியில் இருந்த வார்த்தையை லாவினியா விழுங்கினாள். அது சுலபமாக இறங்கவில்லை. உள்ளே போய், பிள்ளைகளுக்கென்று நடக்கும் ஞாயிறு பூசைக்கு உடைமேல் கட்டிக்கொள்ளப் பின்னிவைத்திருந்த இடுப்புப் பாயை எடுத்துவந்து லோசேயைக் கூப்பிட்டாள்.

"பெருசா இருக்கு அத்தை."

"பெருசாத்தான் பின்னுனேன்."

மண்டியிட்டு, பாயைப் பிள்ளையின் இடுப்பில் இரண்டு சுற்றாகச் சுற்றினாள்.

"ஏய் ஹெய்லாலா, வளர வளரத் தளத்தி விடு. இறுக்கிக் கட்டிப்புடாத."

மரத்தடியில் சோனாவின் தோள்கள் குலுங்கின. அவன் திரும்பவில்லை.

பாயை இடுப்போடு கட்டிய கயிற்றை முடிச்சுப் போட்டாகிவிட்டது. அதன் நுனி மட்டும் லாவினியாவின் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்த அம்மா ஹெய்லாலாவிடம் காட்ட ஓடப்பார்த்த லோசே, ஓட முடியாமல், அத்தையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.