மேக்கன் போகாத பேருந்து

ஈரத்துணியால் அம்மாவின் உதடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள் லூனெட். அம்மா கண் திறக்காமலே கேட்டாள்.

"கிளீட்டஸ் அண்ணே, மேக்கன் வந்துடுச்சா?"

கிளீட்டஸ் அந்தக் காலத்தில் பாட்டுக்குழுவின் பேருந்தை ஓட்டியவர். அவர் இறந்து வெகுகாலமாகிவிட்டது. காலையிலிருந்து அம்மா நினைவில் அந்தப் பேருந்தில்தான் இருந்தாள், மேக்கன் நகரத்துக் கச்சேரிக்குப் போய்க்கொண்டு. முதலில் லூனெட் திருத்திப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

"இன்னும் கொஞ்ச தூரம்மா."

மெம்பிஸின் ஆகஸ்ட் வெயில் திரைச்சீலை வழியே மஞ்சளாகக் கசிந்தது. மின்விசிறி இரைச்சலில் கட்டிலே மெல்ல ஆடுவதுபோலிருந்தது.

அம்மா ஆர்செல்லா, தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தவள். ஒரே ஒரு இசைத்தட்டு போட்டாள். அதன் பின்பக்கத்தை நிரப்ப, ஸ்டுடியோவைப் பூட்டும் நேரத்தில் அவசரமாக ஒரு பாட்டுப் பாடினாள். ஏதோ ஒரு வானொலிக்காரர் தட்டைத் தவறுதலாகப் புரட்டிப் போட, அந்தக் கோடை முழுக்கத் தெற்கு மாநிலங்களில் எந்தக் கார் கடந்துபோனாலும் அவள் குரல்தான். லூனெட்டுக்கு அப்போது நாலு வயது. அவளைப் பெரியம்மா வெர்னீஸிடம் விட்டுவிட்டு ஊர் ஊராகப் பாடப் போன அம்மா அடுத்த வசந்தத்தில் திரும்பினாள். அப்புறம் மேடையேறவே இல்லை. இசைத்தட்டுக் கம்பெனி கழற்றிவிட்டதென்று சொல்வாள். போக்கிடமில்லாமல்தான் தன்னிடம் வந்தாள் என்று லூனெட் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க."

"ஏம்மா? அங்க கூட்டம் காத்துக்கிட்டிருக்குமே."

"காத்திருக்கட்டும். நேத்து வீட்டுக்கு போன் பண்ணேன். பிள்ள என்னை யாருன்னு கேக்குது."

லூனெட்டின் கை நின்றது.

"கம்பெனிக்காரன் விடமாட்டானே."

"அவன் கெடக்கான். இன்னொரு தட்டு போடணும்னு கெஞ்சுறான். யாராவது கேட்டா, அவனே வேணாம்னுட்டான்னு சொல்லிக்கிறேன். பிள்ளைக்குத் தெரிய வேணாம்ணே. தன்னாலதான்னு மனசுல வச்சுக்கும்."

தெருவில் யாரோ புல்வெட்டியை இயக்கி, நிறுத்தினார்கள்.

"திருப்பிட்டேன்மா," என்றாள் லூனெட்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டாள். "இப்ப எங்க இருக்கோம்?"

"வெர்னீஸ் வீட்டு வாசல்ல."

"பிள்ள முழிச்சிருக்கா?"

"முழிச்சிருக்கு."

அம்மாவின் முகம் தளர்ந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வர வெகுநேரம் எடுத்தது. அதற்கடுத்தது வரவில்லை.

சமையலறையிலிருந்து வெர்னீஸ் பெரியம்மா கைத்தடியை ஊன்றி வந்தாள். கையில் வெண்டைக்காய் வாசம்.

"தூங்கிட்டாளா?"

லூனெட் ஈரத்துணியை மடித்து வைத்தாள். பெரியம்மா உட்கார இடம் விட்டு, சன்னல் பக்கமாக நகர்ந்துகொண்டாள்.