பின்பக்க லிஃப்டும் மச்சானின் பதினேழு திருத்தங்களும்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மச்சானைக் கிண்டல் செய்வதற்காகத்தான் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன்.

அந்தச் சுற்றுலாக் கப்பலில் நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம்: நான், என் மனைவி, அவளுடைய அண்ணன். மச்சானின் மனைவிக்குத் தரையில் நடந்தாலே தலை சுற்றும்; கடலும் வேண்டாம் கப்பலும் வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். ஆறு நாள் பயணம். அது முடிந்ததும் கப்பல் ஐந்து மாதம் பட்டறைக்குப் போகிறது. உள்ளே எல்லாவற்றையும் பிரித்துப் புதுப்பிக்கப்போகிறார்கள். அதனால் முதல் நாளே ஒவ்வொரு அறையிலும் தலையணை மேல் ஒரு தாள் வைத்திருந்தார்கள். புதுக் கப்பலில் நீங்கள் எதிர்பார்ப்பது என்ன, உங்களுக்கு இருக்கும் கவலை என்ன என்று இரண்டு கேள்விகள். பதிலுக்குப் பதினான்கு கோடுகள்.

நான் மூன்று கோடுகளை நிரப்பினேன். மனைவி 'குளியலறைத் திரை காலில் ஒட்டுகிறது' என்று ஒரே வரியோடு முடித்துக்கொண்டாள். மச்சான் வரவேற்பு மேசைக்குப் போய் இன்னும் நான்கு தாள் கேட்டு வாங்கி வந்தார்.

சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் காலை மேல்தளத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

'கடலைப் பார்க்க வந்தவர்களில் கடலைப் பார்க்காத ஒருவர் இருந்தார்.'

(அழகாக இருந்தது. என் வாக்கியம் அழகாக இருந்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடும். அடித்தேன்.)

'லிஃப்ட் கயிறு அறுந்து விழுவதுபோல அவருடைய மனம் —'

(இதையும் அடித்தேன். ஆனால் கோடு சரியாக விழவில்லை. அதன் விளைவு பின்னால் வருகிறது.)

'என் மச்சானுக்கு லிஃப்ட் பைத்தியம்.'

இது நின்றது. அன்று மதியத்துக்குள் நான்கு பக்கம் ஓடியது.

2

மச்சான் முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டில் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். நடுவில் எங்காவது லேசாகத் தட்டினால், "ரோலர் தேஞ்சிருக்கு" என்பார், பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளிடம். எங்கள் கல்யாணத்தன்று மண்டபத்து லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. போட்டோவுக்கு எல்லாரும் வரிசையாக நிற்க, பெண்ணின் அண்ணனைக் காணோம். ஆல்பத்தில் அவர் இருக்கும் ஒரே படத்தில் இரண்டு கையிலும் கிரீஸ்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். என் மனைவி சொல்லமாட்டாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவளுக்கு இது ஒரு கூச்சம். தோழிகளோடு துணிக்கடைக்குப் போனால் அங்கே லிஃப்ட் குழிக்குள்ளிருந்து அண்ணன் தலையை நீட்டுவார். இவள் பார்க்காத மாதிரி படியேறிப் போய்விடுவாள்.

கப்பலிலும் அதே கதைதான். பின்பக்கம், சாப்பாட்டு ஹாலை ஒட்டி, ஒரே ஒரு லிஃப்ட் இருந்தது. மச்சான் காலை ஆறு மணிக்கெல்லாம் ஒரு நோட்டும் பேனாவுமாக அதன் எதிரே போய் நின்றுகொள்வார். யார் ஏறுகிறார்கள், எத்தனை நிமிடம் காத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வார்.

"எல்லாரும் டால்பின் பாக்கறாங்கண்ணா. நீங்க லிஃப்ட் வாசல்ல நின்னுட்டு வாட்ச்சப் பாக்கறீங்க. யாராவது கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள் மனைவி.

"தங்கச்சின்னு சொல்லேன்."

"அதத்தான் சொல்ல முடியல."

மச்சான் பேனா மூடியை மெதுவாகத் திருகி மூடினார். நான் பக்கத்திலிருந்து இந்த மூன்று வரியையும் அப்படியே எழுதிக்கொண்டேன். நல்ல வசனம் கிடைத்த சந்தோஷத்தில் அவர் முகத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

3

மூன்றாம் நாள் ஐந்தாம் தளத்தில் புதுக் கப்பலின் படங்களை மாட்டினார்கள். ஜனம் திரண்டுவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் வருமா என்று ஒருவர். நூலகத்தில் கை வைத்தால் இனி வரவே மாட்டேன் என்று ஒருவர். மேல்தளத்து மர நாற்காலிகளைத் தூக்கிப் போடுங்கள் என்றவர்களும், அவற்றைத் தொட்டால் நடக்கிறதே வேறு என்றவர்களும் சரிபாதி. ஆனால் ஒரு படத்தின் முன்னால் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி: உச்சித்தளத்தில் வரப்போகிற புது உணவகம். கூரை முழுக்கக் கண்ணாடி. நானும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

மச்சான் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தின் கீழ்மூலையில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்: 'பின்பக்க லிஃப்ட் இனி உச்சித்தளச் சமையலறைக்கு மட்டும்.'

"இது சரிவராது மாப்ள," என்றார்.

இந்த இடத்தில் பாட்டு டீச்சரைக் கொண்டுவர வேண்டும். மூட்டுவலி முற்றிச் சக்கர நாற்காலியில் இருப்பவர். இந்தக் கப்பலில் அவருக்கு இது ஒன்பதாவது பயணம். லிஃப்ட் வாசலில் தினமும் மச்சானைப் பார்த்துப் பார்த்துப் பழக்கமாகிவிட்டார். கண்ணாடிக் கூரைப் படத்தைப் பார்த்து முதலில் கைதட்டியவரும் அவர்தான்.*

* டீச்சரின் கணவரும் உடன் வந்திருந்தார். கதையில் அவருக்கு வேலை இல்லாததால் எடுத்துவிட்டேன். நல்ல மனிதர். மன்னிக்கட்டும்.

(முதல் வரைவில் டீச்சரை ரொம்பப் பரிதாபமாக எழுதியிருந்தேன். 'ஏக்கம் ததும்பும் விழிகளோடு அவர் —' என்று ஒரு வாக்கியம் போனது. எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.)

4

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அரங்கத்தில் கூட்டம். மேடையில் உட்புறத்தை வடிவமைத்த பெண் உட்கார்ந்திருந்தார். நிறுவனத்து ஆள் ஒருவர் மைக்கோடு நடந்துகொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு நிமிடம்.

பிளக் பாயின்ட்காரர் பேசினார், நூலகக்காரர் பேசினார், நாற்காலிக் கட்சிகள் இரண்டும் பேசின. பிறகு மச்சான் எழுந்தார். நோட்டைத் திறந்தார்.

"பின்னாடி லிஃப்ட சமையலறைக்குக் குடுத்துட்டா, சாப்புட்டு வர்றவங்க எல்லாம் நடுவுல இருக்கற லிஃப்டுக்குத்தான் போகணும். நூத்திப் பத்து அடி. முந்தாநாள் மதியம் பின்னாடி லிஃப்ட ஒரு மணி நேரம் சர்வீசுக்கு நிறுத்தியிருந்தாங்க. அப்ப நடு லிஃப்ட் முன்னாடி ஒரு சக்கர நாற்காலி பதினோரு நிமிஷம் நின்னுது. நாலு தடவ கதவு தொறந்துச்சு. நாலு தடவயும் உள்ள எடமில்ல."

"புது ஓட்டலே வேணாங்கறாரா இவரு?" என்று எங்கள் பின்னால் ஒரு குரல்.

"உங்க நேரம் முடிஞ்சுது சார். மிச்சத்த எழுதிக் குடுத்துடுங்க," என்றார் மைக் வைத்திருந்தவர்.

"எழுதிக் குடுத்துட்டேன். அஞ்சு தாள்."

அரங்கமே சிரித்தது. மச்சானும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உட்காரப் போனார். முழங்கால் மடங்கிவிட்டது, ஆனால் இன்னும் உட்காரவில்லை. அப்போது என் பக்கத்து நாற்காலி படாரென்று மடங்கும் சத்தம் கேட்டது. என் மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

அவள் மைக் வாங்கவில்லை.

"நான் இவரோட தங்கச்சி," என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். யாரோ இருமினார்கள்.

"எங்க அண்ணன் முப்பத்தி நாலு வருஷம் லிஃப்ட் பாத்தவர். ஆஸ்பத்திரி லிஃப்ட், பள்ளிக்கூடத்து லிஃப்ட், பதினெட்டு மாடி லிஃப்ட். அவர் கை வெச்ச லிஃப்ட்ல ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல. நாலு நாளா நாம எல்லாரும் கடலப் பாத்துட்டிருந்தோம். இவர் நம்மளப் பாத்துட்டிருந்தார். பேசி முடிக்கட்டும்."

மச்சான் மேடையைப் பார்க்காமல் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

(நானும் எழுந்து நின்றேன் என்று எழுத ஆசை. நிற்கவில்லை. மடியில் காகிதத்தை வைத்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.)

முன்வரிசையிலிருந்து பாட்டு டீச்சரின் குரல் வந்தது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல்.

"அந்தப் பதினோரு நிமிஷம் நின்னது நான்தான். ஆனா என்னக் காட்டி யாரும் புது ஓட்டல நிறுத்த வேணாம். எனக்குக் கண்ணாடிக் கூரையும் வேணும், லிஃப்டும் வேணும். மத்தவங்க எல்லாருக்கும் ரெண்டும் கெடைக்கும், நான் மட்டும் ஏன் ஒண்ண எடுத்துக்கணும்?"

"நிறுத்தச் சொல்லல டீச்சர்," என்றார் மச்சான். நோட்டைப் புரட்டினார். "காலைல ஆறுலேந்து ஏழர வரைக்கும் அந்த லிஃப்ட்ல ஏறுனது நாலே பேரு. மதியம் மூணுலேந்து நாலரைக்குள்ள ஒம்பது பேரு. சமைக்கிறது மேலயேதான? கீழேந்து போறது காய்கறியும் பாத்திரமும் தான? அத அந்த நேரத்துல ஏத்துங்க. சாப்பாட்டு நேரத்துல ஜனங்களுக்கு விட்டுடுங்க. லிஃப்ட் ஒண்ணுதான், ரெண்டு வேலையும் பாக்கும்."

வடிவமைத்த பெண் மேடையிலிருந்து இறங்கி வந்தார். மச்சான் பக்கத்தில் நின்று நோட்டை எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு வரி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம்.

"எங்க கிட்ட இந்தக் கணக்கே கெடையாதுங்க. இந்த நோட்டு எனக்குக் கெடைக்குமா?"

"நோட்டு குடுக்கமாட்டேன். ஜெராக்ஸ் எடுத்துக்குங்க."

இந்தத் தடவையும் அரங்கம் சிரித்தது. ஆனால் இது வேறு சிரிப்பு. என் மனைவி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டுமிருந்தாள்.

5

வீட்டுக்கு வந்ததும் கதையை எழுதி முடித்து மச்சானிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் பென்சில் குறிகளோடு கொண்டுவந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க மாப்ள. பதினேழு எடம் தப்பு."

"முதல் நாலு பக்கம் கொஞ்சம் கிண்டலா... தப்பா எடுத்துக்காதீங்க."

"அது இருக்கட்டும். பாக்கறவங்களுக்கு நான் அப்படித்தான் தெரிஞ்சிருப்பேன். இங்க பாருங்க, 'லிஃப்ட் கயிறு அறுந்து விழுவதுபோல'ன்னு எழுதி அடிச்சிருக்கீங்க. அடிச்சாலும் படிக்க முடியுது. ஒரு கயிறு கெடையாது மாப்ள, ஆறு. ஒண்ணு போனாலும் மிச்சம் அஞ்சும் தாங்கும். அஞ்சும் போனாலும் புடிச்சு நிறுத்தத் தனியா பிரேக் இருக்கு. நீங்க பாட்டுக்கு எழுதிடுவீங்க. இதப் படிச்சுட்டு முட்டி வலிக்காரங்க யாராவது பயந்துபோய்ப் படி ஏறுவாங்க. நமக்கு எதுக்கு அந்தப் பாவம்?"

தன்னைக் கோமாளியாக்கியதைப் பற்றி ஒரு குறியும் இல்லை. கயிற்றுக்கு மட்டும் மூன்று குறிகள்.

ஒன்பதாவது திருத்தம்: டீச்சர் கெஞ்சவில்லை, கோபப்பட்டார். மாற்றிவிட்டேன், நீங்கள் படித்தது மாற்றியதைத்தான்.

பதினேழாவதைக் காட்டும்போது மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தங்கச்சி எந்திரிச்சு நின்னத ஒரே வரில முடிச்சுட்டீங்க. அதுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் எடம் விடுங்க."

விட்டிருக்கிறேன். போதுமா என்று தெரியவில்லை.

6

இரண்டு மாதம் கழித்து நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. பின்பக்க லிஃப்டை நேரம் பிரித்துப் பயணிகளுக்கும் சமையலறைக்கும் பொதுவாக வைக்க முடிவு செய்திருக்கிறார்களாம். 'தங்கள் குறிப்புகள் எங்களுக்குப் பேருதவியாக இருந்தன.' மச்சான் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மனைவி அதை வெளியே எடுத்துப் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள், பக்கத்து வீடு, அலுவலகம் என்று எல்லாருக்கும் அனுப்பினாள். எதிர்வீட்டுக்காரியிடம் வாசலில் நின்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு உள்ளே வரை கேட்டது: "எங்கண்ணன். லிஃப்ட் மெக்கானிக். கூடப் பொறந்த அண்ணன்."

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முடிவு என்று ஒன்று வேண்டுமே என்று இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: புதுக் கப்பல் புறப்படுகிறது. டீச்சர் லிஃப்டில் உச்சித்தளத்துக்குப் போய்க் கண்ணாடிக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து — (பாடுகிறார் என்று எழுத வந்தேன். டீச்சர் திட்டுவார்.)

முடிவு இரண்டு: நேர அட்டவணையை யாரும் மதிப்பதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவு திறக்கிறது. உள்ளே வெங்காய மூட்டைகள். மச்சான் மறுபடியும் —

இரண்டையும் மனைவியிடம் காட்டினேன். புதுக் கப்பலின் முதல் பயணத்துக்கு அவள் கணினியில் இடம் பதிந்துகொண்டிருந்தாள். மூன்று பேர். (மச்சானின் மனைவி படத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.) என் காகிதங்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு கட்டம்: வயது, உறவு, தொழில். அண்ணனுக்கு எதிரே 'ஓய்வு பெற்றவர்' என்று அதுவாகவே வந்து நின்றது. அதை அழித்துவிட்டு 'லிஃப்ட் மெக்கானிக்' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்.

என் கட்டத்தில் தொழில் காலியாக இருந்தது.

"என்ன போடப்போற?" என்றேன்.

"மொதல்ல கதைய முடிங்க. அப்பறம் போடறேன்."

கப்பல் இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. அந்த லிஃப்ட் கதவு திறக்கும்போது உள்ளே யார் இருப்பார்கள் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் பதினெட்டாவது திருத்தம் வரும். எனக்கு முன்னால் நீங்கள் ஏறிப் பார்த்தால் நீங்களே முடித்துவிடுங்கள். என் கட்டம் காலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இந்த வீட்டில் ஒரு கட்டம் சரியாக நிரம்பியிருக்கிறது. எனக்கு அது போதும்.