பச்சைக் கிளிப்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சுவரில் நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும், காற்று வரும். ஒரு கதை சொல்கிறேன். கொஞ்சம் கனமான கதை. அதனால்தான் பக்கத்தில் கூப்பிட்டேன்.

அக்கா தன் தம்பியின் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் உடல் வரச் சாயங்காலம் ஆகுமாம். அதற்குள் இந்த நீலச் சட்டை காய்ந்தாக வேண்டும். அவனுக்கு அதைத்தான் போட்டுவிடச் சொல்லியிருந்தாள் அம்மா. துவைத்து மடித்து வைத்திருந்த சட்டைதான். இருந்தாலும் அக்காவின் கை சும்மா இருக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கொடியில் ஒரு தோளுக்குக் கிளிப் மாட்டினாள். அடுத்த தோளுக்குக் கிளிப் இல்லை. கதவோரம் அவளுடைய ஏப்ரன் தொங்கியது. நேற்று வேலை செய்யும் லாண்டரியிலிருந்து அதை அவிழ்க்க மறந்து கட்டிக்கொண்டே வந்துவிட்டிருந்தாள். அதன் பைக்குள் கையை விட்டாள். ஒன்று கிடைத்தது. மாட்டினாள். மாட்டிய பிறகுதான் பார்த்தாள். பச்சைக் கிளிப். ஒரு பல் தேய்ந்து மழுங்கியது.

அப்படியே கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

அது துணிக்கு மாட்டுகிற கிளிப் இல்லை, கண்ணுகளா. அக்காவும் தம்பியும் வேலை பார்த்த லாண்டரியில், ஆஸ்பத்திரி விரிப்புகளைச் சுழற்றிப் பிழிகிற பெரிய மிஷின் ஒன்று உண்டு. மூடியைத் திறந்தால் தானாக நின்றுவிடும்படி விளிம்பில் ஒரு சின்ன சுவிட்ச். ஒவ்வொரு தடவையும் முழுக்க நின்று திரும்பக் கிளம்புவதென்றால் நேரமாகும், துணி மலையாகக் குவியும், மேனேஜர் குதிப்பார். அதனால் சுவிட்சைக் கிளிப்பால் அழுத்திக் கவ்வி வைத்துவிடுவார்கள். மூடி திறந்தே கிடந்தாலும் மிஷின் பாட்டுக்குச் சுழலும். வெளியாள் வந்தால் வாட்ச்மேன் மணியை இரண்டு தடவை அடிப்பார். மணி கேட்டதும் கிளிப்பைப் பிடுங்கிப் பைக்குள் போட வேண்டியது அக்காவின் வேலை. தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வந்தபோதெல்லாம் அப்படித்தான் செய்தாள்.

நேற்று, சுழன்றுகொண்டிருந்த விரிப்பு தம்பியின் கையைச் சுற்றி அவனை உள்ளே இழுத்தது. மின்சாரத்தை நிறுத்தி, அவனை எடுத்துத் தரையில் கிடத்தினார்கள். போலீஸ் வந்தது. வாட்ச்மேன் வழக்கம்போல மணியை இரண்டு தடவை அடித்தார். அக்கா அழுதுகொண்டே எழுந்தாள். கிளிப்பைப் பிடுங்கினாள். பைக்குள் போட்டாள். மறுபடி தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரியாது. இப்போதுதான் தெரிந்தது.

முன்னறையில் மேனேஜரின் குரல் கேட்டது. அக்கா உள்ளே போனாள்.

"மிஷின்ல ஒரு குறையும் இல்லம்மா. உங்க பையன்தான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டான்."

"யாரு? எம்பிள்ளையா?" அம்மா தலையை நிமிர்த்தினாள். "ஒரு டம்ளர் டீ குடிக்க அரை மணி நேரம் ஆக்குவானே அவன். உங்க ஆளுங்கதானே அவனுக்கு 'நிதானம்'னு பேரு வெச்சாங்க?"

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நேரம், என்னம்மா பண்றது." அக்காவைப் பார்த்ததும், "நீயும் அங்கதானே இருந்தே, நீயே சொல்லு. பதறாதே, வேலை எங்கயும் போயிடாது. எப்ப வேணா வா," என்றார்.

எதிரே நாற்காலியின் நுனியில் தொழிலாளர் இன்ஸ்பெக்டரம்மா உட்கார்ந்திருந்தார். போன தடவை லாண்டரிக்கு வந்தபோது மேனேஜரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான், "ஏதாவது குறை இருக்கா?" என்று எல்லோரையும் கேட்டார். "மிஷின் புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கு மேடம், நாங்கதான் ஓடி ஓடி உபசாரம் பண்றோம்," என்று தம்பி சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

இன்று அவர் சிரிக்கவில்லை. "காலையில போய்ப் பார்த்தேன். மூடியைத் தூக்கினதும் நின்னுடுச்சு. அன்னைக்கும் நின்னுச்சு. அப்புறம் எப்படி..." பாதியில் நிறுத்தி அக்காவைப் பார்த்தார்.

பேசாமல் இருந்தால் வேலை இருக்கும். 'அவசரப்பட்டான்' என்று அவன் சாவில் எழுதிவிடுவார்கள். பேசினால், மறைத்த கை எதுவென்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

"மேடம், கொஞ்சம் பின்பக்கம் வர்றீங்களா?"

மேனேஜரும் எழுந்தார்.

"நீங்க உட்காருங்க," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. படியிறங்கும்போது, "அன்னைக்கே இவரைத் தள்ளி உட்காரச் சொல்லியிருக்கணும்," என்று தனக்குள் முணுமுணுத்தார்.

அக்கா பச்சைக் கிளிப்பைக் கழற்றினாள். சட்டையின் ஒரு தோள் சரிந்து தொங்கியது.

"இது சுவிட்சுல இருந்தது. நீங்க வந்தா மிஷின் நிக்கும் மேடம். நீங்க போனா ஓடும்."

"எடுத்தது யாரு?"

"நான்தான். மணி அடிச்சுது... எடுத்துட்டேன்."

"இதை எழுதினா உங்களுக்கும் சிக்கல்தான். தெரியுமில்ல?"

"தெரியும். அவன் அவசரப்படல மேடம். அதை எழுதுங்க."

இன்ஸ்பெக்டரம்மா கிளிப்பைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தார். திரும்பியபோது வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. இன்ஸ்பெக்டரம்மா தலைகுனிந்து அவளைக் கடந்து போனார்.

அக்கா அசையவில்லை. ஒரு அறை, ஒரு சாபம், எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள்.

அம்மா அவளைப் பார்க்கவில்லை. கொடியருகே வந்தாள். சரிந்து கிடந்த தோளைத் தூக்கி, மற்ற தோளுக்குச் சமமாகப் பிடித்தாள்.

"இன்னும் ஈரமா இருக்கே," என்றாள்.

"கை வலிக்கும்மா. குடு."

அம்மா கொடுக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள். அக்கா போய் நின்றாள். சட்டையின் கைகள் இரண்டும் காற்றில் மெல்ல ஆடின.

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள், போன மாதிரியே முழுசாகத் திரும்பி வரட்டும். ஒவ்வொரு சாயங்காலமும் அவர்கள் செருப்பைக் கழற்றுகிற சத்தம் உங்கள் வாசலில் கேட்கட்டும்.