அம்பத்தஞ்சோ, அறுபத்தாறோ

என்ரை மனுசன் ஆனந்தராஜா ஒரு வாகனம் வாங்க வெளிக்கிட்டால் வீட்டிலை ஒருத்தருக்கும் நித்திரை இல்லை. பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு, தேத்தண்ணி ஆற முதல் என்னைக் கட்ட ஓம் எண்டு சொன்ன ஆள். ஒரு மொறிஸ் மைனர் பிக்கப், எந்த வருசத்தான் வாங்கிறதெண்டு ரெண்டு மாசமாய் மண்டையைப் போட்டு உடைச்சார்.

எங்களுக்கு லூயிஷாமிலை ஒரு மரக்கறிக்கடை. கடை வான் எம்.ஓ.டி எண்ட வருசச் சோதனையிலை தவறி, இனித் திருத்தேலாது எண்டு சொல்லிப்போட்டாங்கள். புதுசு ரெண்டு வேலைக்கு வேணும். ஒண்டு மரக்கறி ஏத்த. மற்றது என்னை ஏத்த. எனக்கு ரெண்டு கிட்னியும் பழுது. கிழமையிலை மூண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், டயாலிசிஸ் மெசினிலை படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யவேணும். தொடர்ந்து தவறவிட்டால் ஆள் முடிஞ்சுது.

அதுக்கு ஏன் ஒரு கிழட்டுப் பிக்கப் எண்டு கேப்பியள். நானும் கேட்டனான்.

இரண்டாயிரமாம் ஆண்டு செப்டெம்பரிலை லொறிக்காறர் எண்ணெய்க் குதங்களை மறிச்சு, நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாமல் போச்சே, அதாலை வந்த வினை. வெள்ளைக்காறர் வரிசையிலை நிண்டு புறுபுறுத்துப்போட்டு அடுத்த கிழமையே மறந்திட்டினம். இவர் மறக்கேல்லை. அந்த நாளுகளிலை என்னை பஸ்ஸிலும் ரயிலிலும் ஏத்தி இறக்கிக் கொண்டுபோனவர். ஒருநாள் வீட்டை வந்து சப்பாத்தைக் கழட்டிக்கொண்டு சொன்னார்:

"இனி வாங்கிறது மண்ணெண்ணெயிலையும் ஓடவேணும்."

ஊரிலை, சண்டைக்குள்ளை அரசாங்கம் பெற்றோலுக்குத் தடை போட்ட காலத்திலை எல்லாரும் செய்ததுதான். காபரேட்டருக்குள்ளை நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பேந்து மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு ஓடும். ஆனால் பழைய எஞ்சின்தான் அதுக்குச் சரி. புதுசுகள் சரிவராது.

"லண்டனிலை மண்ணெண்ணெயோ? உங்களுக்கென்ன விசரே? பொலிஸ் பிடிச்சால் ஆர் வந்து எடுக்கிறது?" எண்டன்.

"பொலிஸ் பிடிக்கிற நாளிலை பெற்றோல் இருக்கும்" எண்டார். இதுக்கு என்னத்தைச் சொல்லிறது?

நவம்பர் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்மண்டனுக்குப் போனம். லெட்சுமணன் எண்டு ஒரு மலேசியாத் தமிழர். எஞ்சினியரிங் படிக்க வந்து, இஞ்சையே வேலை செய்து, இப்ப பென்சனிலை இருக்கிறார். பழைய மொறிஸுகளை வாங்கித் திருத்திறதுதான் பொழுதுபோக்கு. அவரின்ரை வளவிலை ரெண்டு பிக்கப் பக்கத்திலை பக்கத்திலை நிண்டுது. ஒண்டு அம்பத்தஞ்சாம் ஆண்டு, மற்றது அறுபத்தாறாம் ஆண்டு.

அம்பத்தஞ்சுக்கு முன் கண்ணாடி நடுவிலை பிரிஞ்சு ரெண்டு துண்டு. சின்ன எஞ்சின், மண்ணெண்ணெய்க்கு அதுதான் தோதெண்டு இவரின்ரை எண்ணம். ஹீட்டர் எண்ட சாமானே இல்லை. அறுபத்தாறு பெரிய எஞ்சின், நல்ல பிரேக், ஹீட்டரும் இருக்கு. இதிலை யோசிக்க என்ன கிடக்கு? மெசினிலை நாலு மணித்தியாலம் கிடந்து எழும்பேக்கை எலும்புக்குள்ளாலை குளிர் வரும். பல்லுக் கிட்டும். என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் இவருக்கு யோசினை. திரும்பி வாறது என்ரை உடம்பெல்லோ!

"அறுபத்தாறை எடுங்கோ, கதையை முடியுங்கோ" எண்டன்.

இவர் குனிஞ்சு அம்பத்தஞ்சின்ரை பொனற்றுக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு, "இது மண்ணெண்ணெயிலை ஓடுமே?" எண்டு கேட்டார்.

லெட்சுமணன் விழுந்து விழுந்து சிரிச்சார். "என்னங்க இது, லண்டன்ல யாரு மண்ணெண்ணெய் ஊத்தி ஓட்டுவா? அறுபத்தாறுதான் நல்ல வண்டி, அம்மா சொல்றதக் கேளுங்க."

எனக்கு எங்கையிருந்துதான் கோவம் வந்துதோ! என்ரை மனுசனை நான் நக்கலடிப்பன். அது நான் தாலிக்குக் கழுத்தை நீட்டி வாங்கின உரிமை. வழியிலை போறவர் வாறவர் எல்லாம் சிரிக்க ஏலாது.

"அண்ணை, சிரிக்காதேங்கோ. பெற்றோல் இல்லாத ஊரிலை இருந்து பாத்தால்தான் தெரியும்" எண்டன். லெட்சுமணன் பாவம், முகம் சுருங்கிப்போச்சு. "சாரிம்மா, தப்பா சொல்லிட்டேன்" எண்டு அம்பத்தஞ்சின்ரை திறப்பை நீட்டினார். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

நாங்கள் ரெண்டுபேரும் ஏறினம். நல்லாத்தான் ஓடிச்சு, அதையும் சொல்லவேணும். ஆனால் கால் விறைச்சுது. இவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு றோட்டைப் பாத்தபடி இருந்தார். அந்த முகத்தை நான் முந்தியும் ஒருக்கால் கண்டிருக்கிறன்.

தவமலர் இவருக்கு ஒரே தங்கச்சி. தடை வாறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் இவர் தன்ரை பழைய மொறிஸை வித்துப்போட்டு, ஆசைப்பட்டு ஒரு புது ஜப்பான் பிக்கப் வாங்கினவர். ஊரெல்லாம் ஓடிக் காட்டினவர். தவத்துக்கு வயித்துக்குத்து வந்த அண்டைக்கு ஊரிலை சொட்டுப் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயை விட்டுப் பாத்தார். பிக்கப் கொக்குவில் சந்தி வரைக்கும் இருமி இருமிப் போச்சு. அங்கை நிண்டதுதான். தவம் என்ரை மடியிலை. பேந்து ஆரோ குடுத்த சைக்கிளிலை இருத்தித் தள்ளிக்கொண்டு போனம். ஆஸ்பத்திரி வாசலைக் காண முதல் போயிட்டாள். அதுக்குப் பிறகு இவர் அவளின்ரை பேரை என்னட்டைச் சொன்னதே இல்லை. நானும் சொன்னதில்லை.

எட்மண்டனிலை, ஒரு சிவப்பு லைற்றிலை நிக்கேக்கை நான் சொன்னன்.

"இஞ்சாருங்கோ. தவம் உங்கடை பிக்கப்பாலை சாகேல்லை. அண்டைக்கு ஆஸ்பத்திரியிலை மயக்கமருந்து இல்லை, வெட்டி ஒப்பரேசன் செய்ய டொக்குத்தரும் இல்லை. நேரத்துக்குப் போயிருந்தாலும் அவள் செத்துத்தான் இருப்பாள்."

லைற் பச்சையாச்சு. இவர் எடுக்கேல்லை. பின்னாலை கோர்ன் அடிச்சாங்கள்.

"எனக்குத் தெரியும், கௌரி" எண்டார். "எண்டாலும் நான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பன்."

  அவரின்ரை கையைப் பிடிக்கப் போனன். அவர் கியரை மாத்திக்கொண்டு இருந்தார். கியரோடை சேர்த்துப் பிடிச்சன்.

திரும்பி வளவுக்கு வந்து இறங்கினம். லெட்சுமணன் ஓடி வந்தார். "எப்படி? எது எடுக்கிறீங்க?"

இவர் என்னைப் பாத்தார். "அறுபத்தாறை எடுப்பம். உனக்குக் குளிருமெல்லே" எண்டார்.

"அம்பத்தஞ்சுதான்" எண்டு நான் லெட்சுமணனைப் பாத்துச் சொன்னன். "அண்ணை, இவரின்ரை கதையை விடுங்கோ. கம்பிளி போத்தினால் குளிர் போகும்."

கம்பிளி போத்தினாலும் குளிர் போகாது. அது எனக்கு நல்லாத் தெரியும்.

வந்த புதன்கிழமை அம்பத்தஞ்சிலை ஆஸ்பத்திரிக்குப் போனம். பெற்றோலிலைதான். நாடு முழுக்கத்தான் பெற்றோல் கிடக்கே. வழியிலை ரெண்டு கிழவர் பழைய வாகனத்தைக் கண்டு நிண்டு கை காட்டிச்சினம், இவர் திரும்பியும் பாக்கேல்லை. வாகனத்தை விட்டுப்போட்டு என்ரை முழங்கையைப் பிடிச்சு மேலை கூட்டிக்கொண்டு வந்தார். எண்டைக்கும் வாசலோடை திரும்பிப் போற மனுசன், அண்டைக்கு உள்ளை மெசினடி வரைக்கும் வந்தார். அங்கை நிண்ட நேர்ஸிட்டை, தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை, "ஐ ப்ரோட் ஹேர்" எண்டார். என்னைக் கொண்டுவந்து சேர்த்திட்டாராம்.

அந்தப் பெட்டை என்னத்தைக் கண்டாள். "யெஸ், ஐ கான் சீ" எண்டு சிரிச்சாள்.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் உள்ளை வந்து அதைச் சொல்லிப்போட்டுத்தான் கடைக்குப் போறார். நேர்ஸுமார் தங்களுக்குள்ளை பகிடி பண்ணுகினம், பண்ணட்டும். இந்த மனுசனின்ரை நடை, உடை, குறட்டை, ஒண்டையும் நான் பகிடி பண்ணாமல் விட்டதில்லை. இதை மட்டும் ஒருநாளும் தொட்டதில்லை.