அஸ்வதி வீட்டு விருந்து மேசை

முத்துநாயகத்துக்கு வீம்பு கொஞ்சம் கூடுதல். தோவாளையில் அவரைத் தெரிந்த யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள். அவரே ஒப்புக்கொள்வார், அதுவும் பெருமையோடு. அப்பேர்ப்பட்ட மனிதர் அன்று காலை ஏழு மணிக்கு, சிதறால் பக்கம் ஒரு புது வீட்டின் வாசலில், குட்டியானைச் சரக்கு வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இறங்கவும் மனமில்லாமல் திரும்பவும் மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். மதிலில் பதித்த கருங்கல்லில் 'ரெனிஷ் – அஸ்வதி' என்று பொன்னிற எழுத்து மின்னியது. அஸ்வதி அவருடைய ஒரே மகள்.

சமையல் காண்ட்ராக்டர் தேவகுமார் போனில் சொன்னது இவ்வளவுதான்: புது வீடு புகும் பிரதிஷ்டை, பதினோரு மணிக்கு ஜெபம், பன்னிரண்டுக்கு பஃபே, இருநூறு பேர். மேசை போட்டு அலங்கரித்து, சாப்பாடு முடிகிறவரை நின்று கவனித்துக்கொள்ள வேண்டும். யார் வீடு என்று அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வழி காட்ட லொகேஷன் வந்தது, வண்டி வந்து சேர்ந்துவிட்டது.

பின்னால் எட்டு மேசையும், விடியுமுன் தோவாளைச் சந்தையில் எடுத்த பூவும் இருந்தன. வேலையைப் பாதியில் விட்டு ஓடினான் என்று பெயர் வரக்கூடாது, அதனால் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது சுத்தப் பொய். மகளைப் பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, அதனால்தான் வண்டியை உள்ளே விட்டார்.

ஐந்து வருஷத்துக்கு முன் அஸ்வதி தன்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ரெனிஷை, அப்பா பேச்சை மீறி, சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டாள். அன்று சொந்தபந்தம் கூடியிருந்த இடத்தில் முத்துநாயகம், "அவ வீட்ல நான் கை நனைச்சா எனக்கு முத்துநாயகம்னு பேரில்ல" என்று சொல்லிவிட்டார். நாஞ்சில் நாட்டில் இது சின்னப் பேச்சு இல்லை. ஒரு வீட்டில் சாப்பிட்டால் அந்த உறவை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், மாட்டேன் என்றால் அறுத்துவிட்டதாக அர்த்தம். அதோடு நில்லாமல், மகளோடு பேசுவதில்லை என்று மனைவி உலகம்மாளிடமும் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். அவள் பாவம், அதை மீறவில்லை.

எட்டு மாசத்துக்கு முன் உலகம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாலாம் நாளிலிருந்து அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"அஸ்வதிய விளிச்சியளா?"

அவர் கூப்பிடவில்லை. இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம், அதற்குள் எதற்கு இறங்கிப் போக வேண்டும் என்று நினைத்தார். அவள் விடவில்லை. மறுநாளும் கேட்டபோது, "விளிச்சேன். வரமுடியாதுன்னுட்டா" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை. அஞ்சாறு நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

யாரோ பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பி அஸ்வதி பஸ் பிடித்து ஓடிவந்தபோது உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முத்துநாயகம் குளித்து ஈர வேட்டியோடு திரும்பியபோது அவள் தெருவில் நின்றாள். பார்த்தும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வீம்பா, அவள் முகத்தைப் பார்க்கிற பயமா என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இப்போது அதே மகள் வீட்டு முற்றத்தில், நீலப் பந்தலின் கீழ் மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேலே வெள்ளைத் துணி விரித்து, முன்பக்கம் மெரூன் துணியை விரல் கணக்கில் மடித்து மடித்துக் குண்டூசி குத்தினார். மடிப்பு ஒன்று கோணினாலும் பிரித்து மறுபடி மடித்தார். வேறு வீடாக இருந்தால் விட்டிருப்பார், எவன் குனிந்து பார்க்கப்போகிறான். மூடி போட்ட பெரிய பாத்திரங்களை வரிசையாக வைத்தார். தட்டுகள் தொடக்கத்தில், போளியும் பாயசமும் கடைசியில். சூடு பட்டால் பூ வாடும், ஆகவே அரளியும் சிவந்தியும் பாத்திரங்களை விட்டுத் தள்ளி, மரிக்கொழுந்து நடுநடுவே. தர்பூசணியில் தாமரை செதுக்கினார். கத்தி வழுக்கி ஓர் இதழ் உடைந்தது, அதை ஒரு சிவந்திப் பூவால் மறைத்தார்.

"புட்டும் பயறும் இருக்கு. சாப்பிடுங்கோ."

அஸ்வதி தட்டோடு நின்றாள். மெலிந்திருந்தாள். முகத்தில் அப்படியே உலகம்மாள்.

"அப்போ நீ…" என்று தொடங்கினார்.

"நான்தான் தேவகுமார் அண்ணன்ட்ட சொன்னேன், அப்பாதான் வரணும்னு. வீடு யாருதுன்னு சொல்லாண்டாம்னும் சொன்னேன். தெரிஞ்சா வரமாட்டியளே." தட்டை மேசை ஓரத்தில் வைத்தாள். "சண்டை போட விளிக்கல்லப்பா. ஒண்ணு மட்டும் கேக்கணும். அம்ம என்னையக் கேட்டாளா?"

இந்தக் கேள்விக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறாள். புது வீடும் பஃபேயும் எல்லாம் ஒரு சாக்கு. முத்துநாயகம் கையிலிருந்த குண்டூசி டப்பாவை மூடினார், திறந்தார்.

"கேட்டா மக்கா. தெனமும் கேட்டா. நீ வந்துட்டிருக்கேன்னு சொன்னேன். அந்த நிம்மதியிலதான் கண்ண மூடுனா."

இரக்கத்தில் சொன்னாரா, தப்பிக்கச் சொன்னாரா? இரண்டும்தான்.

அஸ்வதி கண்ணைத் துடைத்தாள். "பொறவு ஏம்ப்பா எனக்கு விளிக்கல்ல?" என்றாள்.

"விளிச்சேன். லைன் கெடைக்கல்ல."

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மாசம்தாம்ப்பா என் போன் பஸ்ஸுல தொலைஞ்சு போச்சு. வேற நம்பர் வாங்குனேன். ஒங்களுக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்னு இருந்துட்டேன். ஐயோ, புது நம்பர ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அம்மையப் பாத்திருப்பேனே!"

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவள் அழுது ஓய்ந்து, "சாப்பிடுங்கப்பா, ஆறிப்போவும்" என்றாள். 'அப்பா' என்ற சொல்லை ஐந்து வருஷம் கேளாத காது அது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது, நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று ஓடிவந்தது. "ரேஷ்மி, இது தாத்தா" என்று சொல்லி அவர் மடியில் உட்கார்த்திவிட்டு அஸ்வதி உள்ளே போனாள். குழந்தை தர்பூசணித் தாமரையை விரலால் தொட்டுப் பார்த்து, "இதத் திங்கலாமா?" என்றது. முத்துநாயகம் சிரித்தார். புட்டில் பயறைப் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். ஐந்து வருஷத்து வீம்பு அந்த ஒரு வாயில் போயே போய்விட்டது.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அஸ்வதி ரெனிஷிடம் சொல்வது கேட்டது.

"எல்லாம் என் தப்புதான். அப்பா விளிச்சிருக்காரு. நான்தான் கெடைக்காமப் போயிட்டேன். அம்மைக்க மொகத்தக் காணாம ஆக்குனது நானாக்கும்."

தட்டைத் தள்ளி வைத்தார். இவள் இனி சாகிறவரைக்கும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். தன் பாவத்தை எடுத்து மகள் தலையில் வைத்துவிட்டு, அவள் வீட்டுப் புட்டைத் தின்றுகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. குழந்தையை இறக்கிவிட்டு, "அஸ்வதி" என்று கூப்பிட்டார்.

அவள் வந்ததும் பூவைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவளைப் பார்த்தால் சொல்ல முடியாது.

"நான் விளிக்கவே இல்ல மக்கா. லைன் கெடைக்கல்லன்னு சொன்னது பொய்யி. ஒங்கம்மைட்ட, விளிச்சேன், அவ வரமுடியாதுன்னுட்டான்னு சொன்னேன்."

பந்தலில் யாரோ நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அஸ்வதி மிக மெதுவாக, "நான் வரமாட்டேன்னு சொன்னதா நெனச்சிட்டா அம்ம போனா?" என்றாள்.

"ஆமா."

"அத கேட்டுட்டு என்ன சொன்னா?"

"சொவரப் பாத்துத் திரும்பிப் படுத்தா. கொஞ்ச நேரம் கழிச்சு…" ஒரு சிவந்திப் பூவை எடுத்து நேராக வைத்தார். "'பள்ளிக்கூடத்துல லீவு குடுத்திருக்க மாட்டாவ, பாவம்'னா. அவ்வளவுதான். பொறவு ஒண்ணும் சொல்லல்ல."

அஸ்வதி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அழுகை அதையும் மீறி வந்தது. அவர் எழுந்து ஓரடி எடுத்து வைத்தார். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல்ல? அம்ம என்மேல வருத்தத்தோடயாக்கும் போனான்னு எட்டு மாசமாத் தூங்காமக் கெடக்கேன். இந்த ஒரு வார்த்தைய எதுக்கு வச்சுக்கிட்டு இருந்திய?"

சொன்னால் தன் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதனால் சொல்லவில்லை. அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

போகச் சொல்வாள் என்று காத்திருந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. பதினோரு மணிக்கு ஜெபம் நடந்தது, பாட்டுக் கேட்டது. சாப்பாடு வந்து இறங்கியது. பாத்திரங்களின் அடியில் நெருப்பு வைத்து, மூடிகளைத் துடைத்து, பாயசத்துக்குப் பக்கத்தில் கரண்டியோடு நின்றார். வந்தவர்கள் தட்டை எடுக்குமுன் மேசையை போட்டோ எடுத்தார்கள்.

ரெனிஷின் அம்மா ஜெபகனி அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. வரிசையில் வந்தவள் தர்பூசணியைப் பார்த்து நின்றுவிட்டாள். "மேசைன்னா இதாக்கும் மேசை! ஆரு மக்களே இந்த ஆளு?" என்று மருமகளிடம் கேட்டாள்.

"அப்பா, மாமி" என்றாள் அஸ்வதி. குரலில் ஒன்றும் இல்லை.

"கர்த்தாவே! சம்பந்தியா? என்ன நீங்க கரண்டியும் புடிச்சிட்டு நிக்கிய? வாருங்க, வந்து இரியுங்க!" ஜெபகனி கரண்டியைப் பிடுங்காத குறைதான். முன்வரிசையில் ஒரு நாற்காலியைக் காலி பண்ணி உட்காரவைத்தாள். தானே தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துவந்து கையில் கொடுத்தாள். "சம்பந்தி வந்திருக்காரு" என்று நாலு பேரிடம் சொன்னாள். ரெனிஷ் வந்து கும்பிட்டான். மகளைப் பெற்றவனுக்கு ஒரு வீட்டில் என்னென்ன மரியாதை உண்டோ எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் கிடைத்தது.

நம்மூரில் பஃபே என்றாலும், அவரவர் எடுத்துச் சாப்பிடட்டும் என்று வீட்டுக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டால்தான் விருந்து. அஸ்வதி முகம் கழுவி, வேறு சேலை கட்டி வந்திருந்தாள். நாற்காலி நாற்காலியாகக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தாள்.

முத்துநாயகம் தட்டைத் தொடவில்லை. அவள் கேட்கட்டும், சாப்பிடலாம் என்றிருந்தார்.

அவருக்கு இடப்பக்கம் இருந்த பெரியவரிடம் நின்று, "போளி எடுத்தியளா? இன்னும் ஒண்ணு கொண்டு வரட்டா?" என்று சிரித்துக் கேட்டாள். பிறகு முத்துநாயகத்தைக் கேளாமல் கடந்து, வலப்பக்கத்து அம்மாளின் தோளைத் தொட்டு, "பாயசம் குடிச்சியளா மாமி?" என்று கேட்டாள்.