கை எட்டாத இடம்

இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. கொசு கடித்தால் சொறிந்துகொண்டே கேளுங்கள், தப்பில்லை. ஒரு குளவி செய்த காரியத்தைச் சொல்லப் போகிறேன்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் ஒரு ஊர். அங்கே கோவிந்தம்மாள் ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு, கொடியில் காய்ந்த ரவிக்கையை உதறாமல் எடுத்து மாட்டிக்கொண்டாள். கொக்கி போட்டு முடிக்கவில்லை, நடு முதுகில் நெருப்புத் தணலை வைத்து அழுத்தினது போலச் சுரீரென்று ஏறியது. ரவிக்கையைக் கழற்றி வீசினாள். மடிப்புக்குள்ளிருந்து மஞ்சள் குளவி ஒன்று நிதானமாக வெளியே வந்தது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கொல்லைச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. வலியிலும் அவளுக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது.

வீட்டில் யாரும் இல்லை. புருஷன் முருகையன் மல்லாட்டை மூட்டைகளோடு, கடலை விற்க விடியலிலேயே திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்குப் போயிருந்தார். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் கலைப்பிரியாவுக்குப் போன் போட்டாள். "ஐஸ் வையிம்மா. மூச்சு கீச்சு வாங்குனா ஜல்தியா ஆஸ்பத்திரிக்குப் போய்டு" என்றாள் மகள். மூச்சு வாங்கவில்லை, எரிச்சல்தான். பிரிட்ஜில் ஐஸ் இருந்தது. வைக்கிற கை எங்கே?

சின்ன வெங்காயத்தை அரிந்து, வலது கையைத் தோளுக்கு மேலே போட்டுப் பார்த்தாள். இடது கையை இடுப்பு வழியாக வளைத்துப் பார்த்தாள். கொட்டின இடம் இரண்டு கைக்கும் அகப்படாமல் நடுவில் நின்று எரிந்தது. தோசைக் கரண்டிக் காம்பில் வெங்காயத்தைக் குத்தித் தேய்த்தாள். அது கழன்று, உருண்டு, கொல்லை வாசலில் நின்ற ஆட்டின் காலடிக்குப் போனது. ஆடு மோந்து பார்த்துவிட்டுத் தின்றது. கோவிந்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் முறத்தில் மல்லாட்டை புடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொட்டின வலியைவிட அந்தச் சத்தம்தான் அவளை அழவைத்தது.

புடைக்கிறவள் அஞ்சலாட்சி, கொழுந்தன் விருத்தாசலத்தின் மனைவி. ஓரகத்திகள் என்று பெயர்தான். ஒரே தட்டில் தின்றவர்கள், ஒருத்தி மடியில் ஒருத்தி தலைசாய்த்துப் பேன் பார்த்தவர்கள். ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு முருகையன் காலில் பூரான் கடித்தது. அஞ்சலாட்சி வெற்றிலை போடுகிறவள். கடிவாயில் தடவுகிற ஈரச் சுண்ணாம்பு அவளிடம்தான் எப்போதும் இருக்கும். பதற்றத்தில் அதைக் கீழே வைக்காமல், அக்காள் முறையான கோவிந்தம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டாள். அந்த நேரத்தில் சுண்ணாம்பைக் கைமாற்றினால் சண்டை வரும் என்பார்கள். அந்த வாரமே பொதுக்கிணற்று மோட்டாரை யார் முதலில் போடுவது என்று அண்ணன் தம்பிக்குள் தகராறு. அது முற்றி, கொல்லைக்குக் குறுக்கே மார்பளவுச் சுவர் எழும்பியது. "அவங்க வாசப்படிய மிதிச்ச, இங்க திரும்பி வராத" என்றார் விருத்தாசலம். முருகையனும் இங்கே அதையே சொன்னார்.

அன்றிலிருந்து இருவரும் பேசுவதெல்லாம் ஜாடையில்தான். கோவிந்தம்மாள் தன் ஆட்டிடம் சொல்லுவாள், அஞ்சலாட்சி தன் கோழியிடம் பதில் சொல்லுவாள். மகளின் பிரசவம், வந்த காய்ச்சல், கேப்பை விலை எல்லாம் இப்படித்தான் சுவரைத் தாண்டின. ஆட்டோடு பேசாதே என்று எந்த ஆம்பளை சொல்ல முடியும்?

கோவிந்தம்மாள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

"ஏய் கறுப்பி, நீ தின்னுக்கினே இரு. இங்க ஒருத்திய குளவி கொட்டிடுச்சி. நட்ட நடு முதுகு. கை எட்டல."

முறத்தின் சத்தம் நின்றது.

"கேட்டியா கோழி?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "ரவிக்கைய ஒதறிப் போடுன்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன் ஒனக்கு?"

"கோழி எங்கடி ரவிக்கை போடுது?"

வாய் தவறி நேராகவே கேட்டுவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு பொத்துக்கொண்டு கிளம்பி, நடுவிலேயே விம்மலாகிப் போனது.

"யக்கா... ரொம்ப எரியுதா?"

"எரியுதுடி. சுண்ணாம்பு குடு."

"கையில குடுக்க மாட்டேன். ஒருவாட்டி குடுத்துதான இந்தச் செவுரே வந்துது. எல்லாம் என் கையால வந்தது."

கோவிந்தம்மாள் திகைத்துப் போனாள். புருஷனுக்குப் பயந்துதான் இவள் ஒதுங்கியிருக்கிறாள் என்று நினைத்திருந்தாள். இத்தனை காலமும் இதையா சுமந்துகொண்டிருந்தாள்?

"அடிப் பைத்தியமே! சுண்ணாம்பா போயி மோட்டார் சுவிட்ச போட்டுச்சி?"

"செவுத்து மேல வெக்கிறேன், எடுத்துக்க."

"எடுத்து? ஆடா தடவும்?"

அஞ்சலாட்சி சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தாள். "அப்பன்னா திரும்பி நில்லு."

கோவிந்தம்மாள் சுவரோடு முதுகைக் கொடுத்து நின்றாள். துணி துவைக்கிற கல்மேல் அஞ்சலாட்சி ஏறுகிற சத்தம் கேட்டது. வாசப்படியை யாரும் மிதிக்கவில்லை. ஒரு விரல் வந்து, சரியாக அந்த இடத்தில் ஜில்லென்று தொட்டது. தடவி முடித்த பிறகும் உள்ளங்கை எழுந்து போகாமல் அங்கேயே கிடந்தது.

"முதுகு எலும்பாப் பூட்சே. சோறு துன்றியா இல்லியா?"

"ஆட்டாண்ட கேளு" என்றாள் கோவிந்தம்மாள்.

பொழுது சாய்ந்து முருகையன் வந்தார். குளவி கொட்டினதைச் சொன்னாள்.

"மருந்து கிருந்து போட்டியா?"

"போட்டாச்சி."

"எங்க கொட்டுச்சி?"

"நடு முதுகுல."

அவர் அவளுடைய இரண்டு கைகளையும் பார்த்தார். முகம் கழுவச் செம்போடு கொல்லைக்குப் போனவர், போன இடத்திலேயே நின்றுவிட்டார். சுவர்மேல் அஞ்சலாட்சியின் சுண்ணாம்பு டப்பா மூடி திறந்தபடி இருந்தது. அவள் மறந்து வைத்தாளோ, மறக்காமல் வைத்தாளோ. கோவிந்தம்மாள் உள்ளே விளக்குத் திரியைத் தூண்டியபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். முதுகில் சுண்ணாம்பு காய்ந்து தோலைப் பிடித்து இழுத்தது.

அவர் தொண்டையைச் செருமினார்.

"ஏய் கறுப்பி" என்றார் ஆட்டைப் பார்த்து, கொஞ்சம் உரக்கவே. "டப்பா தொறந்தே கெடக்குது பாரு. சுண்ணாம்பு காஞ்சிடப் போவுது."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது.

கேட்ட உங்கள் வீடுகளிலும், கண்ணுகளா, கை எட்டாத இடத்துக்கு ஒரு கை எப்போதும் இருக்கட்டும். சுவர் ஒன்று எழும்பித்தான் ஆக வேண்டுமென்றால், அது மார்பளவோடு நிற்கட்டும்.