பக்கத்து இருக்கைப் பெண்

அழகு நிலையக்காரியின் மகள் தலையில் பேன் என்றால் ஊர் சும்மா விடுமா? மென்று துப்பிவிடாதா? அதனால்தான் போன வாரம் மகளின் தலையில் ஒன்று நெளிவதைக் கண்டதும் அவளை உள்ளே இழுத்துக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள் அழகு நிலையக்காரி. மருந்து தேய்த்தாள், பேன் சீப்பால் வாரினாள், ஈர் உருவினாள். லீவு போட்டால் காரணம் கேட்பார்களே என்று, மறுநாளே இறுக்கி இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டாள். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இன்று சாயங்காலம், வகுப்பில் மகளின் பக்கத்து இருக்கைப் பெண் தன் அம்மாவோடு கடைக்கு வந்து நின்றாள். தலையில் பேன் என்று டீச்சர் அவளை வகுப்பிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார். துணிக்கடையில் பில் போடுகிற அவளுடைய அம்மா, பாதி வேலையில் ஓடிவந்தவள், முகம் செத்துப்போய் இருந்தாள். சிறுமிக்கு இடுப்பு வரை முடி. அதை ஒட்ட வெட்டிவிடச் சொன்னாள்.

புருவம் திருத்த வந்து உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? பெற்றவள் வேலை வேலை என்று ஓடினால் பிள்ளையின் தலையை யார் பார்ப்பது என்று, யாரையும் பார்க்காமல் கண்ணாடியிடம் கேட்டாள். துணிக்கடைக்காரி குனிந்துகொண்டாள். மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் பென்சில் நின்றது.

"வெட்டாமலேயும் சரி பண்ணலாம்மா," என்றாள் அழகு நிலையக்காரி, சன்னமாக.

"தெரியும்க்கா. ஆனா இவதான் கிளாஸ் பூரா பரப்பினான்னு பேசறாங்க. முடியை எடுத்தாத்தான், அம்மாக்காரி கவனிக்கிறான்னு நம்புவாங்க."

இவள் பரப்பவில்லை, என் மகளிடமிருந்துதான் இவளுக்கு வந்தது. அந்த ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. சொன்னால் நாளைக்கே தெரு முழுக்கத் தண்டோராதான். கடைக்கு எவள் வருவாள்? அதுகூடப் போகட்டும், இவளெல்லாம் ஒரு தாயா என்பார்களே. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டிக்கொண்டே கத்தரியையும் எடுத்துவிட்டாள்.

சிறுமி அழவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது.

"உங்க பொண்ணு தலையையும் ஒரு தடவை பாத்துருங்கக்கா," என்றாள் துணிக்கடைக்காரி, கிளம்பும்போது. "எங்களால உங்களுக்கும் வந்திருக்குமோன்னு ஒரே சங்கடமா இருக்கு. மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லம்மா."

குற்றவாளியே மன்னிக்கிறாளாம், மகராசி! வெட்கம் காது வரை சுட்டது. அவர்கள் தெருவில் இறங்கிப் போகும்வரை நிமிர்ந்து பார்க்கவே அவளால் முடியவில்லை.

கடை காலியானதும் மகள் வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"நான் சொல்லவே இல்லம்மா. முடி வெட்டும்போது அவ ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னையே பாத்தா. அப்பக்கூடச் சொல்லல."

"சமத்து," என்றாள் அம்மா, பழக்கதோஷத்தில்.

சொன்ன பிறகுதான், எதற்குச் சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் மகள், பாராட்டு வாங்கிய சந்தோஷத்தில் வீட்டுப்பாடத்துக்குத் திரும்பிவிட்டிருந்தாள்.